மாமா அனுப்பிய பட்டியல்

மாமா, காலை 7:10
[பலமுறை பகிரப்பட்டது]
நேற்று வரை கைதட்டல், இன்று ஆட்சி நாற்காலி! அரசியலில் ஒரு நாள் கூட இல்லாமல் நேராக உச்சத்துக்குப் போனவர்கள்: எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ரீகன், அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர், இம்ரான் கான், ஜார்ஜ் வியா, டிரம்ப், ஜெலென்ஸ்கி. அனுபவம் எதற்கு? மக்கள் அன்பு போதும்! அதிகம் பகிரவும்!!

சித்தி, 7:14
அருமை அண்ணா 👏

பெரியப்பா, 7:31
மாப்பிள்ளை, முதல் பெயரிலேயே இடிக்கிறதே. எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953இல். 1962இல் மேலவை உறுப்பினர், 1967இல் சட்டமன்ற உறுப்பினர், பிறகு கட்சிப் பொருளாளர். கணக்குக் கேட்டு வெளியேற்றப்பட்டு 1972இல் தனிக்கட்சி கண்டார். முதல்வரானது 1977இல். கூட்டிப் பாருங்கள், 24 வருஷம்.

தம்பி, 7:33
என் வயதை விட அதிகம் 😮

மாமா, 7:35
இருக்கட்டும் அத்தான். சினிமாவில் இருந்துதானே வந்தார்?

பெரியப்பா, 7:38
சினிமாவில் இருந்து வந்தார், சரி. நேராக வந்தார் என்று போட்டிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

அக்கா, 7:52
நேராக வந்தவர் அதே வீட்டில் இருந்தார் பெரியப்பா. ஜானகி அம்மையார். எம்.ஜி.ஆர். மறைந்ததும் 1988 ஜனவரியில் முதல்வரானார். நம்பிக்கை வாக்கெடுப்பு அன்று சபைக்குள் போலீஸ் புகுந்து அடிதடி. ஆட்சி கலைந்தது. 24 நாள்.

தம்பி, 7:53
அவருக்கு 24 வருஷம், இவருக்கு 24 நாள்!

சித்தி, 7:58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 7:59
நான் படித்துவிட்டேன். இப்போதைய தேர்தல், இப்போதைய கட்சி எதுவும் இங்கே வேண்டாம் அம்மா. போன தடவை இரண்டு பேர் குழுவை விட்டுப் போனது நினைவிருக்கட்டும்.

சித்தி, 8:00
கை தவறிப் போய்விட்டது அத்தான் 🙏

மாமா, 8:04
என்.டி.ஆரையாவது விட்டு வையுங்கள்.

பெரியப்பா, 8:15
அவர் இருக்கட்டும், அசல் சரக்கு. 1982 மார்ச் 29 அன்று கட்சி தொடங்கினார், 1983 ஜனவரியில் முதல்வர். ஒன்பதே மாதம். பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றி அமைத்து, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, காக்கி உடையில் அதன் கூரை மேல் நின்று பேசிக்கொண்டே ஊர் ஊராகப் போனார். ஆந்திரம் அதற்கு முன் அப்படி ஒரு பிரசாரத்தைப் பார்த்ததில்லை.

மாமா, 8:17
அதைத்தான் சொல்கிறேன்! கிருஷ்ணராகவும் ராமராகவும் பார்த்தவரை எதிரில் பார்த்தால் ஓட்டு விழாதா?

அக்கா, 8:26
அப்படிப் பார்த்தால் சிரஞ்சீவிக்கும் விழுந்திருக்க வேண்டும் மாமா. அதே மாநிலம், கூட்டத்துக்கும் குறைவில்லை. 2009இல் 294 தொகுதிகளில் 18தான் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் கட்சியே காங்கிரஸில் கலந்துவிட்டது.
1982இல் நிலவரம் வேறு. காங்கிரஸ் ஐந்து வருஷத்துக்குள் நான்கு முதல்வர்களை மாற்றியிருந்தது. விமான நிலையத்தில் முதல்வர் அஞ்சையாவை ராஜீவ் காந்தி எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். முதல்வருக்கே இந்த மரியாதையா என்று ஜனங்கள் கொதித்தார்கள். தெலுங்கர் தன்மானம் என்று என்.டி.ஆர். சொன்ன வார்த்தை அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

சித்தி, 8:31
எனக்கு ஒரு சந்தேகம். அனுபவம் இல்லை என்பது ஓட்டுப் போடுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதானே போடுகிறார்கள். அனுபவசாலிகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போயிருக்கும்.

நான், 8:40
சித்தி ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். குவாத்தமாலாவில் 2015இல் நடந்ததும் இதுதான். சுங்க ஊழலில் அதிபரே பதவி விலகிச் சிறைக்குப் போனார். அடுத்த தேர்தலில் ஜிம்மி மொராலெஸ் என்ற டிவி நகைச்சுவை நடிகர் நின்றார். ஊழல்வாதியும் இல்லை, திருடனும் இல்லை என்பதுதான் அவருடைய கோஷம். வேறு தகுதி எதையும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு.

சித்தி, 8:42
அப்புறம்?

நான், 8:47
158 பேர் சபையில் அவர் கட்சி ஜெயித்தது 11 இடம். பிறகு அவரையும் அவர் குடும்பத்தாரையும் ஐ.நா. ஆதரவு பெற்ற ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க ஆரம்பித்தது. முந்தைய அதிபரை மாட்டிவிட்ட அதே ஆணையம். 2019இல் அதை நாட்டில் இல்லாமலே செய்துவிட்டார்.

தம்பி, 8:48
😐

மாமா, 8:50
இவர் என் பட்டியலிலேயே இல்லையே!

நான், 8:51
சேர்த்துக்கொள்ளுங்கள் மாமா. உங்கள் கேள்விக்கு இவர்தான் பொருத்தம்.

பெரியப்பா, 9:20
இம்ரான் கானை அடித்துவிடு. கட்சி தொடங்கியது 1996, பிரதமரானது 2018. 2002இல் அவர் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம், அதுவும் அவர் நின்ற தொகுதி. உலகக் கோப்பையோடு வந்தவருக்கு 22 வருஷக் காத்திருப்பு.

தம்பி, 9:24
லைபீரியாவின் கால்பந்து வீரர் வியாவையும் அடிக்கலாம். 2005இல் நேராகத்தான் வந்தார், தோற்றார். படிப்பு இல்லை என்று அப்போது சொன்னார்கள். அதன் பிறகு போய்ப் படித்தார், 2014இல் செனட்டர், 2017இல்தான் அதிபர். 2023இல் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றதும் ஜெயித்தவருக்கு போன் போட்டு வாழ்த்திவிட்டு இறங்கிவிட்டார். பந்து விளையாடிய ஆள், தோற்றால் கை குலுக்கத் தெரிகிறது.

மாமா, 9:26
எட்டில் மூன்று போச்சு. ரீகனைத் தொடாதீர்கள்.

பெரியப்பா, 9:29
பாதி தொடுவேன். 1980இல் அதிபராகத் தேர்வானபோது கலிபோர்னியா கவர்னராக எட்டு வருஷம் இருந்து முடித்தவர். ஆனால் 1966இல் கவர்னர் தேர்தலில் ஜெயித்தபோது எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அந்த வரியில் அவர் நிற்கலாம்.

சித்தி, 9:31
கவர்னர் நியமனம்தானே, அதற்கு எதற்குத் தேர்தல்?

அக்கா, 9:33
அங்கே கவர்னர் என்றால் நம் முதல்வர் மாதிரி சித்தி. மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்.
பெரியப்பா, ரீகன் அதற்கு முன்பே நடிகர் சங்கத் தலைவராக இருந்து ஸ்டுடியோக்காரர்களோடு பேரம் பேசியவர். அதை அரசியல் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பா, 9:34
சங்கத்தைச் சேர்த்தால் பட்டியலில் யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

நான், 9:41
அர்னால்ட் மிஞ்சுவார். 2003இல் ஆகஸ்ட் மாதம் ஒரு டிவி நிகழ்ச்சியில் போட்டியிடுகிறேன் என்றார், அக்டோபரில் ஜெயித்தார். வாக்குச்சீட்டில் 135 வேட்பாளர்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர் எவ்வளவு உதவும் என்பதை அந்தச் சீட்டைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.
ஜெயித்த பிறகுதான் திண்டாட்டம். சபை எதிர்க்கட்சியின் கையில். ஆண்பிள்ளைத்தனம் இல்லாதவர்கள் என்று உறுப்பினர்களைக் கேலி செய்து பார்த்தார். 2005இல் சபையை ஒதுக்கிவிட்டு நான்கு திட்டங்களை நேராக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். நான்கும் தோற்றன. அவரைத் தேர்ந்தெடுத்த அதே மக்கள்தான் தோற்கடித்தார்கள்.

சித்தி, 9:43
பாவம்.

நான், 9:46
பாவமெல்லாம் இல்லை சித்தி. மறு வருஷமே எதிர்க்கட்சியோடு சேர்ந்து பருவநிலைச் சட்டம் கொண்டுவந்து, திரும்பவும் ஜெயித்தார். சட்டமன்றக் கட்டடத்துக்குள் புகைபிடிக்கத் தடை என்பதால் உள்முற்றத்தில் ஒரு கூடாரம் போட்டு வைத்திருந்தார். சுருட்டோடு அங்கே உட்கார்ந்துதான் உறுப்பினர்களோடு பேச்சுவார்த்தை.

தம்பி, 9:47
அரசியல் கல்லூரி 😂

அக்கா, 10:05
சபை கையில் இருந்தால் கதையே வேறு. ஜெலென்ஸ்கி 2019 ஏப்ரலில் 73 சதவீதம் வாங்கிவிட்டு, சூட்டோடு சூடாக ஜூலையில் நாடாளுமன்றத் தேர்தலை வைத்தார். 450இல் 254 இடம். கட்சிக்கு அவர் நடித்த தொடரின் பெயர்தான், மக்கள் சேவகன். அதில் அவர் அதிபராகிற பள்ளி ஆசிரியர்.
அறிவித்த விதம் அதை விட. 2018 டிசம்பர் 31, நள்ளிரவுக்குச் சில நிமிடம் இருக்கிறது. வழக்கமாக அதிபர் வாழ்த்துச் சொல்லும் நேரம். அவர் தொடர் ஓடிய சேனலில் இவர் வந்து, தேர்தலில் நிற்கிறேன் என்றார்.

மாமா, 10:08
இதற்குத்தான் நடிகர் வேண்டும் என்பது. எந்த நேரத்தில் மேடை ஏற வேண்டும் என்று தெரியும்.

பெரியப்பா, 10:12
ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது மாப்பிள்ளை. 1984இல் என்.டி.ஆர். அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்தார். வந்த சூட்டிலேயே அவருடைய நிதியமைச்சர் பாஸ்கர ராவ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எம்.எல்.ஏ.க்களை டெல்லி வரை கூட்டிப்போய்த் தலை எண்ணிக் காட்டி, ஒரு மாதத்தில் மீட்டார். 1995இல் மருமகன் சந்திரபாபு நாயுடு அதே வேலையைச் செய்தபோது மீட்க முடியவில்லை. இரண்டு தடவையும் கவிழ்த்தது பக்கத்தில் இருந்த அனுபவசாலிதான்.

சித்தி, 10:14
மருமகனேவா!

மாமா, 10:40
சரி, திருத்திவிட்டேன். பாருங்கள்:
பதவி எதிலும் இல்லாமல் நேராக வந்தவர்கள்: என்.டி.ஆர். (1983), ரீகன் (கவர்னர், 1966), அர்னால்ட் (கவர்னர், 2003), மொராலெஸ் (2015), டிரம்ப் (2016), ஜெலென்ஸ்கி (2019). ஜானகி அம்மையார் (1988, 24 நாள்).
டிரம்ப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பெரியப்பா, 10:44
சொல்ல என்ன இருக்கிறது? அரசுப் பதவியும் இல்லாமல், ராணுவத்திலும் இல்லாமல் அமெரிக்க அதிபரான முதல் ஆள் அவர். கேள்வியே இல்லாமல் உள்ளே. ஜானகி அம்மையார் தேர்தலில் ஜெயித்து வரவில்லை, அவரைத் தனி வரியில் போடு.

மாமா, 10:45
போட்டாச்சு.

நான், 10:47
‘அனுபவம் எதற்கு’ என்ற வரியையும் எடுத்துவிடுங்கள் மாமா.

மாமா, 10:48
அதை எடுத்தால் யார் பகிர்வார்கள்?

அக்கா, 10:49
மாமா, பழையதை வேறு எங்கேயும் அனுப்பவில்லையே?

மாமா, 10:52
காலையிலேயே மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது. நீக்கலாம் என்று பார்த்தால், ஒன்றில் பதினோரு பேர் ஏற்கெனவே நன்றி சொல்லியிருக்கிறார்கள்.