ஊரைச் சரிபண்ணா அது நல்ல ஆர்ட் ஆயிடுமா?

கரிக்கோடு: 2015ல, பிரிட்டன்ல கலைக்குக் குடுக்கற டர்னர் பரிசை அசெம்பிள்னு ஒரு கட்டடக்கலை, டிசைன் குழுவுக்குக் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? லிவர்பூல் கிரான்பி ஏரியால பாழடைஞ்சு கெடந்த வீடுங்கள, அந்தத் தெரு ஜனங்களோட சேர்ந்து சரிபண்ண வேலைக்கு. நல்ல வேலைதான், ஒத்துக்கறேன். ஆனா இதை ஒரு சிற்பத்தோட ஒரே தராசுல வெச்சு எப்படிங்க எடை போடறது?

சுண்ணாம்பு: இடிபாட்டுச் செங்கல நொறுக்கி, அதையே வார்த்து ஃபயர்பிளேஸ் மேடை செஞ்சாங்களே, அதப் பாத்துட்டுப் பேசுங்க பாஸ். தொட்டா சொரசொரன்னு இருக்கும்போல, அது கைவேலை இல்லாம என்ன?

மொட்டமாடி: கலை விமர்சகர் கிளேர் பிஷப் 2006லயே கேட்டது இதானே, மனசு நல்லாருக்குன்னு மார்க் போட்டா படைப்ப யாரு பாக்கறது? எனக்கு இன்னொரு உறுத்தல், இவங்க வர்றதுக்கு முன்னாடியே அங்க பூந்தொட்டி வெச்சு, சந்தை போட்டு, தெருவ உயிரோட வெச்சிருந்தது அங்க குடியிருந்தவங்கதான், பரிசு மட்டும் குழு பேருல.

வேப்பங்கொட்டை: நல்ல உதாரணம் வேணும்னா ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ். 1982ல ஜெர்மனி காசெல்ல மியூசியம் வாசல்ல 7000 பசால்ட்ங்கற எரிமலைக் கல்லக் குவிச்சார், ஒரு மரம் நட்டா அது பக்கத்துல ஒரு கல்லு, அவ்ளோதான். மரம் நட நடத்தான் குவியல் கரையும். 86ல ஆள் போய்ட்டார், 87ல கடைசி மரம் நட்டாங்க. கல்லு அப்படியே இருக்கு, மரம் மட்டும் வளந்துட்டே போகுது. இது சிற்பம் இல்லியா?

கரிக்கோடு: கல்லுக்குவியல் மேட்டர் செம, அத யோசிக்கல. கிரான்பிக்கு இன்னும் மனசு வரல.