மறு: 73939133 வகை எண்களுக்குப் பெயர்

அன்புள்ள எல்லோருக்கும்,

> 'கவ்வாத்து முதன்மை எண்' என்று வைக்கலாமே. மலையகத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

பண்டாரவளைத் தம்பி, சொல் நம்முடையது, எனக்கும் ஆசைதான். ஆனால் கவ்வாத்து வெட்டுவது தேயிலை மறுபடி துளிர்க்க. இந்த எண்ணின் விசேஷமோ, இதற்கு மேல் துளிர்க்காது என்பதுதான்.

கரும்பலகையில் 73939133 என்று எழுதி, கடைசி இலக்கத்தைக் கையால் மறையுங்கள். 7393913. இன்னொன்றை மறைத்தால் 739391. அப்புறம் 73939, 7393, 739, 73, 7. அத்தனையும் முதன்மை எண்கள், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை. சரி, இப்போது மறைப்பதை விட்டு, பின்னால் ஓர் இலக்கம் சேர்த்துப் பாருங்கள். இரட்டை இலக்கமோ 5-ஓ சேர்த்தால் அங்கேயே முடிந்தது. மிஞ்சுவது 1, 3, 7, 9. இருக்கிற இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45, இரண்டும் மூன்றால் வகுபடும். 3 சேர்த்தாலும் 9 சேர்த்தாலும் வருவது சேர்த்தி எண்ணே, வேறு எண்களாலும் வகுபடும். ஆக வழி அடைபட்டுவிட்டது. இந்த வகையில் மொத்தம் 83 எண்கள்தான், அவற்றில் பெரியது இது. முதன்மை எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் நிறுவியதைச் சொல்லிக்கொடுத்த கையோடு இதையும் காட்டினால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

'வலவெட்டு' என்று ஹட்டனிலிருந்து வந்த யோசனையை நான் ஏற்கவில்லை. கணிதத்தில் தொடைப் (set) பாடத்தில் 'இடைவெட்டு' (intersection) ஏற்கெனவே இருக்கிறது, குழப்பும்.

என் யோசனை: கடைக்குறை முதன்மை எண். செய்யுளில் நீலம் 'நீல்' என்று கடைசியில் குறைந்தாலும் பொருள் மாறாது. அதைத்தான் நன்னூல் கடைக்குறை என்கிறது. இங்கும் கடைசி இலக்கம் போனாலும் முதன்மைத் தன்மை போவதில்லை. தாமரை 'மரை' ஆவது முதற்குறை. முன்னாலிருந்து இலக்கங்களை எடுத்தாலும் முதன்மையாகவே நிற்கும் எண்களுக்கு அது அப்படியே பொருந்தும். அவை, பூச்சியம் கலவாதவை, 4260. பெரியது 357686312646216567629137, 24 இலக்கம். 'முதற்குறை முதன்மை எண்' என்னும்போது நாக்கு கொஞ்சம் இடறும், உண்மைதான். பகா எண் என்று படித்த தமிழ்நாட்டு நண்பர்களுக்கு 'முதற்குறைப் பகா எண்' என்று சுலபமாக வரும். நம் பாடநூலில் முதன்மை எண் என்று இருப்பதால் நான் அதை மாற்றமாட்டேன்.

'குறை' என்றால் ஊனம் என்று படாதா என்று நுவரெலியா அக்கா கேட்டிருந்தார். தமிழ்ப் பாடத்தில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை படிக்கிற பிள்ளைக்கு அப்படிப் படாது அக்கா.

ஒன்று பாக்கி. எந்தப் பக்கம் குறைத்தாலும் நிற்கிற எண்கள் 15 உண்டு, பெரியது 739397. அதற்கு 'இருமுனைக்குறை' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. தரம் 10 பிள்ளைகளுக்கான தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் யாருக்காவது நல்லது தோன்றினால் எழுதுங்கள்.