பெரியப்பாவும் என் பன்னிரண்டும்: கேட்காத யோசனையை எப்படிச் சமாளிப்பது?

கல்லடிக்காரி கேட்டது:

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையிலிருந்து எங்கள் வீட்டு விறாந்தையில் பிளாக்ஜாக் நடக்கிறது. கத்தாரிலிருந்து வந்த தம்பி பழக்கிவிட்டான். அவன் திரும்பிப் போய்விட்டான், விளையாட்டு போகவில்லை. 21ஐத் தாண்டாமல் பகிர்பவரை விட அதிகம் சேர்க்க வேண்டும், தாண்டினால் கை உடைந்துவிடும். ஜாக், ராணி, ராசா மூன்றுக்கும் 10. காசு வைப்பதில்லை, கச்சான்தான் பந்தயம். வறுத்த கச்சானை அம்மா ஆட்டம் முடியுமுன் தின்றுவிடுவதால் இப்போது பச்சைக் கச்சான்.

பிரச்சினை பெரியப்பா. அடுத்த வளவில் இருக்கிறார். வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பொழுது சாய்ந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஐந்து கதிரைகளில் கடைசிக் கதிரையில் உட்காருவார். அதில் வேறு எவரும் உட்காரக் கூடாது.

நேற்று என் கணவர் பகிர்ந்தார். அவருக்கு முன்னால் 2 திறந்திருந்தது. என் கையில் ஒரு 10, ஒரு 2. இன்னொன்று என்று மேசையைத் தட்டினேன். ராசா வந்தது. 22, என் கை போய்விட்டது. எனக்குப் பிறகு பெரியப்பா, 18இல் நின்றார். கணவர் தன் மூடிய கடதாசியைத் திருப்பினார், அது 10. மேலும் ஒன்று எடுத்தார், 7. மொத்தம் 19. எல்லோருடைய கச்சானும் அவர் பக்கம் போனது.

"பிள்ளை, அந்த ராசா அவருக்குப் போக வேண்டியது. நீ பேசாமல் இருந்திருந்தால் அவர் 22இல் உடைந்திருப்பார். எங்கள் எல்லோரையும் கவிழ்த்துவிட்டாயே!"

ஒரு நாள் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு கைக்கும் இதுதான். வாயால் சொல்வது போதாதென்று, என் கடதாசியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடிப்பார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்த விரல். கிளாவர் 8இன் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து, துடைத்தும் போகவில்லை.

அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால், மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது? 2004 சுனாமி நாளில் எனக்கு எட்டு வயது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கமாக ஓடியவர் அவர். அவரிடம் பேசாமல் இருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

ஊர்ப் பெரியவர்:

கடதாசி விளையாட்டே வீட்டுக்கு ஆகாது. அந்த நேரத்தில் நாலு பக்கம் வாசிக்கலாம்.

கல்லடிக்காரி:

கேட்காத யோசனையைப் பற்றிக் கேட்டதற்குக் கேட்காத யோசனை! நன்றி ஐயா, குறித்துக்கொண்டேன்.

கப்பலில் பகிர்ந்தவன்:

கல்முனைக்காரன். சில வருடங்கள் உல்லாசக் கப்பல் ஒன்றின் கசினோவில் பிளாக்ஜாக் மேசையில் கடதாசி பகிர்ந்தேன். உங்கள் பெரியப்பாவைப் போன்றவர்களை அங்கே இரவுக்கு இரண்டு பேராவது பார்ப்பேன். அவர்களும் கடைசிக் கதிரையைத்தான் பிடிப்பார்கள்.

தங்கச்சி, நீங்கள் செய்தது சரி. 12 வைத்திருக்கும்போது உங்களை உடைக்கக்கூடியவை 10, ஜாக், ராணி, ராசா மட்டுமே. 13 வகையில் 4. மீதி 9 வகையில் எது வந்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள். பகிர்பவர் 2ஐக் காட்டும்போது அவர் உடைவது நூற்றுக்கு 35 தடவை அளவில்தான். 12இல் நின்றால் அந்த 35ஐ மட்டும் நம்பி நிற்கிறீர்கள். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இன்னொன்று கேட்பதே மேல். அவர் 3 காட்டினாலும் கேளுங்கள். 4, 5, 6 காட்டினால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். 6 காட்டுபவர் நூற்றுக்கு 42 தடவை அளவில் உடைவார். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க இராணுவத்தில் இருந்த நால்வர் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக் கணக்கிட்டு 1956இல் புள்ளிவிபரவியல் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டது.

இனி அந்த ராசா. கட்டில் மேலே ராசாவும் அதற்கடியில் 7உம் இருந்தன. 7 மேலேயும் ராசா அடியிலும் இருந்திருக்க அதே அளவு வாய்ப்பு உண்டு. அப்படி இருந்திருந்தால் உங்களுக்கு 19 வந்திருக்கும், உங்கள் கணவர் 22இல் உடைந்திருப்பார், எல்லோருக்கும் கச்சான் கிடைத்திருக்கும். அப்போது பெரியப்பா உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பாரா? கெடுத்த கடதாசியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

கசினோவில் கையால்தான் சொல்ல வேண்டும். மேசையைத் தட்டினால் "இன்னொன்று" என்று பொருள், உள்ளங்கையைக் கிடையாக அசைத்தால் "போதும், நிற்கிறேன்" என்று பொருள். மேலே இருக்கும் கமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பக்கத்துக் கதிரைக்காரர் என்ன கத்தினாலும் நாங்கள் அந்தக் கையை மட்டும்தான் பார்ப்போம். மிஞ்சிப் போனால் மேசைக்குப் பொறுப்பானவர் வந்து அவர் காதில் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வார். உங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு பெரியம்மாவுக்கு உரியது என்று நினைக்கிறேன்.

சாய்ந்தமருது கரம்:

பணம் வைத்து ஆடும் எதுவும் எங்களுக்கு ஆகாது. கச்சான் எந்தக் கணக்கில் சேரும் என்று மௌலவியிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் சகோதரி, இந்த நோய் கரம் பலகையிலும் உண்டு. நான் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்க்கும்போது, பின்னால் நிற்பவர் குனிந்து, எந்த இடத்தில் பட்டுத் திரும்ப வேண்டும் என்று பவுடரில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். யோசனை சொல்பவரே அடிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டோம். ஒரு வாரம் அமைதி. பிறகு, அடிக்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

மூடிய துரும்பு:

திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். ஒன்று கேட்கிறேன், பெரியப்பா 304 என்ற கடதாசி விளையாட்டு ஆடியவர்தானே?

கப்பல்காரத் தம்பி சொன்ன கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பெரியப்பாவின் கோபம் வேறு விளையாட்டிலிருந்து வருகிறது. 304இல் 32 கடதாசி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கிளாவர், இஸ்பேட் என்ற நாலு இனத்தையும் கூட்டினால் 304. எதிரே இருப்பவர் கூட்டாளி. அவர் நேரம் தெரியாமல் ஒன்பதை இறக்கினால் போவது நம்முடைய 20 புள்ளியும்தான். ஆகவே பக்கத்தில் இருப்பவர் பிழை விட்டால் தன் பொருள் போகிறது என்று பழகிய மனம் அது. பிளாக்ஜாக்கில் ஒவ்வொருவரும் பகிர்பவரோடு தனித்தனியாக மோதுகிறார்கள் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 304இல் கூட்டாளியிடம் வாய் திறக்கக் கூடாது. இருமினால்கூடச் சைகை என்று சண்டை வரும். கூட்டாளி செய்யும் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர் அவர். இப்போதுதான் பேசலாம் என்றொரு மேசை கிடைத்திருக்கிறது. பேசாமல் என்ன செய்வார்?

கட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பகிர்பவர் 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17இல் நின்றே ஆக வேண்டும். தன் கையிலேயே முடிவெடுக்க இடமில்லாதவர் மற்றவர் கைக்குள் எப்படி வருவார் என்று பார்ப்போம்.

கல்லடிக்காரி:

304 ஆடியவர்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணா? ஆலையில் இரவு வேலை முடிந்தபின் விடியும்வரை ஆடுவார்களாம்.

சனிக்கிழமை கட்டைக் கொடுத்தோம். கையைச் சாரத்தில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். முதல் கையிலேயே அவருக்கு 16. "நான் நிற்கிறேன்" என்றார். நிற்க முடியாது பெரியப்பா, சட்டம் என்றோம். முணுமுணுத்துக்கொண்டு எடுத்தார், 5 வந்தது. 21. எங்கள் கச்சானை இரண்டு கையாலும் வழித்து எடுத்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து என் கையில் மறுபடியும் 12. அவர் முன்னால் 3. தட்டினேன். கட்டின் மேல் கடதாசியைப் பெருவிரலால் அமத்திப் பிடித்தபடி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒரு சொல் இல்லை. புருவம் மட்டும் உயர்ந்தது.

"இருமவும் கூடாது பெரியப்பா" என்றேன். பெரியம்மா உள்ளே இருந்து சிரித்தார்.

கடதாசியைத் திருப்பி வைத்தார். கிளாவர் 8. எனக்கு 20, அவருக்கு 17. "பிள்ளை கெட்டிக்காரி" என்று கச்சானை எண்ணித் தந்தார். பெருவிரலுக்குப் பக்கத்தில் தெரிந்த சுண்ணாம்புப் பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் தட்டினேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.