புதுப்பிப்பு: மிராக்கிள் பெர்ரி, கூடவே தக்காளி

இதுவரை சாப்பிடாத பொருள் ஒன்று, தினமும் சாப்பிடும் பொருள் ஒன்று என்று மாற்றி மாற்றி ருசி பார்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மிராக்கிள் பெர்ரி நிஜமாகவே புளிப்பை இனிப்பாக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆக்குகிறது!

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்னச் சிவப்புப் பழம். அதற்கென்று பெரிய ருசி கிடையாது. சதையை நாக்கு முழுக்கப் படும்படி உருட்டி, கொட்டையைத் துப்பிவிட்டு எலுமிச்சைத் துண்டைக் கடித்தேன். புளிக்கப்போகிறது என்று கண் தானாகச் சுருங்கியது; வந்ததோ சர்க்கரைப்பாகு போல இனிப்பு. எலுமிச்சை வாசம் மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

காரணம், 1968இல் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டிய மிராகுலின் என்ற புரதம். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் அது ஒட்டிக்கொள்ளும். அமிலம் பட்டதும் அவற்றைத் தூண்டிவிடும். சூடுபடுத்தினால் கெட்டுவிடும், அதனால் சமைத்துப் பயனில்லை. ஒன்று கவனம்: நாக்குக்குத்தான் இனிப்பு, பல்லுக்கும் வயிற்றுக்கும் அதே அமிலம்தான். ஆசையில் எலுமிச்சையை அடுக்கடுக்காகத் தின்றுவிடாதீர்கள்.

தினசரிப் பொருளில் தக்காளி. ஃப்ரிட்ஜில் சில நாள் இருந்ததைக் குளிர் போகவிட்டு, வெளியே இருந்ததோடு சேர்த்துக் கண்ணை மூடிச் சாப்பிட்டேன். இனிப்பும் புளிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மணம்தான் போயிருந்தது. 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் மணம் தரும் சேர்மங்கள் உருவாவது குறைகிறது. பழுத்ததை வெளியே வைத்துச் சீக்கிரம் தீர்ப்பதே நல்லது.

அடுத்து டூரியன். சாப்பிட்டவர்கள் முதல் வாயில் என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.