கிராஸ் கன்ட்ரி அணியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஆளாக ஓடியவர்களே, உங்கள் போட்டிப் பருவத்தைப் பற்றிச் சொல்லுங்கள்

கல்லூரி கிராஸ் கன்ட்ரி அணியில், அதாவது புல், சேறு, ஏற்றம் என்று திறந்த வெளியில் ஓடும் நீண்ட தூர ஓட்ட அணியில், மூன்று வருடம் ஓடினேன். ஒரு போட்டியில்கூட முதல் இருபதுக்குள் வந்ததில்லை. அணியின் ஐந்தாம் ஆள் நான். இந்த ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "யார் ஜெயிச்சது?" என்றுதான் கேட்கிறார்கள். பின்னால் ஓடியவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் நானே தொடங்குகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

விதி தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். எங்கள் போட்டிகளில் ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவோம். அணியில் முதலில் முடிக்கும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ, அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கு வெற்றி. முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்தால் 15 புள்ளி, அதற்குக் கீழே போகவே முடியாது. உலக சாம்பியன்ஷிப்பில் ஆறு பேர் ஓடி நான்கு பேர் கணக்கில் வருவார்கள், ஆனால் கூட்டும் முறை இதேதான்.

அந்தப் பருவத்தின் முதல் போட்டி 8 கிலோமீட்டர். தொடக்கக் கோடு மைதானத்தின் அகலத்துக்கு நீண்டிருக்கும். சில நூறு மீட்டரிலேயே எல்லோரும் ஒரு குறுகலான பாதைக்குள் நுழைந்தாக வேண்டும். துப்பாக்கி வெடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்தேன். முதல் கிலோமீட்டரை 3 நிமிடம் 2 வினாடியில் ஓடிவிட்டேன். என்னால் கடைசி வரை தாங்கக்கூடிய வேகம் 3:20. நான்காவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். ஆறாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் பச்சை பனியன் போட்ட ஒருவர் என்னைத் தாண்டினார். இரண்டு குட்டி மூச்சு இழுத்து ஒரு நீண்ட மூச்சு விடுவார். அந்தச் சத்தம் மனதில் பதிந்துவிட்டது.

முடிவுப் பட்டியலில் எங்கள் அணி: 4, 11, 17, 23, 71. மொத்தம் 126. எங்களுக்கு முன்னால் இருந்த அணி 118. கோச் திட்டவில்லை. பட்டியலையும் ஒரு பென்சிலையும் கையில் கொடுத்து, 62-ஆவதாக வந்தவரின் நேரத்துக்கும் என் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கச் சொன்னார். ஆறு வினாடி. எங்கள் முதல் ஆள் உயிரைக் கொடுத்து ஓடி நான்காம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்திருந்தாலும் அணிக்கு மூன்று புள்ளிதான் குறைந்திருக்கும். நான் ஆறு வினாடி முன்னால் வந்திருந்தால் ஒன்பது புள்ளி. முன்னால் ஓடுபவர்களுக்கு நடுவே இடைவெளி பெரிது. நடுவில் ஓடும் எங்களுக்குள் தோளுக்குத் தோள் நெருக்கம். ஒரு தும்மலில் மூன்று இடம் போய்விடும்.

அன்றைக்குப் பிறகு என் பயிற்சி மாறியது. கிலோமீட்டர் கணக்கைக் கோச் கூட்டவே இல்லை. எல்லா டெம்போ ஓட்டத்திலும் (ஓரளவு கடினமான வேகத்தை விடாமல் பிடித்து ஓடும் பயிற்சி) கடைசி ஐந்து நிமிடம்தான் வேகமாக இருக்க வேண்டும் என்றார். ஏற்றத்தில் எட்டு முறை ஏறி இறங்கும் நாளில் முதல் நான்கு முறை நான் யாரையும் முந்தக் கூடாது. அப்புறம் நாலாம் ஆளாக ஓடும் சீனியர் அண்ணனோடு என்னைக் கட்டிப்போட்ட மாதிரி ஓடவிட்டார். அவர் இடதுபக்கம் என்றால் நான் வலதுபக்கம், இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம். அவர் அதிகம் பேச மாட்டார். மூன்றாவது கிலோமீட்டர் வந்ததும் "வாடா" என்பார், அவ்வளவுதான்.

இரண்டாவது, மூன்றாவது போட்டிகளிலும் அந்த மூச்சுச் சத்தம் என் பக்கத்திலேயே கேட்டது. அவரும் அவர் அணியின் ஐந்தாம் ஆள் என்று பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் தொடக்கக் கோட்டில் நின்றதும் என் கண் அவரைத்தான் தேடும்.

கடைசிப் போட்டியில் நான்காவது கிலோமீட்டரிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டே ஓடினோம். வளைவுகளில் அவர் உள்பக்கம் பிடிப்பார், ஏற்றத்தில் நான் சமன் செய்துவிடுவேன். கடைசி முன்னூறு மீட்டரில் சேர்ந்தே ஐந்து பேரைத் தாண்டினோம். கோட்டில் அவர் நெஞ்சு ஒரு சாண் முன்னால். அவர் 40, நான் 41. எங்கள் அணி 101, அவர்கள் 97. நான் அவரை முந்தியிருந்தாலும் 100-க்கு 98, தோல்விதான். அந்தக் கணக்கை அன்றைக்கே பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீங்கள் எழுதுங்கள்.

ஏழாம் ஆள்:

நான் ஏழாவது. என் இடம் எந்தக் கூட்டலிலும் வராது. முதல் வருடம் முழுக்க "நாம எதுக்கு ஓடுறோம்" என்ற எண்ணம் இருந்தது.

மழையில் ஒரு போட்டி. பாதை முழுக்கச் சேறு. மற்றவர்கள் வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் 12, 15 மில்லிமீட்டர் நீள ஆணிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த அனுபவம் இல்லை, உலர்ந்த தரைக்கு வைத்த குட்டை ஆணிகளோடே நின்றேன். லேஸைக்கூட ஒற்றை முடிச்சாகத்தான் போட்டிருந்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் ஓர் ஓடையோரம் சேறு என் வலது ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டது. திரும்பி எடுக்கலாமா என்று ஒரு நொடி நின்றேன். பின்னால் வந்த கூட்டம் இடித்துத் தள்ளியது. அப்படியே ஓடிவிட்டேன்.

புல்லில் ஒன்றும் தெரியவில்லை. சரளைக்கல் வந்த இடத்தில்தான் உயிர் போனது. சாக்ஸ் கிழிந்து உள்ளங்காலில் தோல் உரிந்தது. ஆனால் எனக்கு முன்னால் எங்களோடு போட்டியிடும் அணியின் பனியன் ஒன்று தெரிந்தது. அது அவர்களுடைய ஐந்தாம் ஆள் என்று எனக்குத் தெரியாது. பனியன் நிறத்தைப் பார்த்தேன், துரத்தினேன், கடைசி வளைவில் முந்தினேன்.

போட்டி முடிந்து கேப்டன் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தபோது காரணம் புரியவில்லை. ஆறாம், ஏழாம் ஆட்களின் இடம் நம் அணியின் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்து பேரில் யாருக்காவது முன்னால் நாம் முடித்தால், அவர் ஓர் இடம் பின்னால் போகிறார், அவர்கள் தொகை ஒன்று ஏறுகிறது. அன்றைக்கு நாங்கள் ஜெயித்தது ஒரே புள்ளியில்.

மறுநாள் அந்த ஓடைக்குப் போய்த் தேடினேன். ஷூ கிடைக்கவில்லை.

ஆறாம் ஆள்:

எங்கள் விதிப்படி இரண்டு அணியும் சமமாக வந்தால் ஆறாவது ஆட்களில் யார் முன்னால் என்று பார்ப்பார்கள். பருவம் முழுக்க ஒரே ஒரு முறை அப்படி நடந்தது, 84-க்கு 84. நான் முன்னால் இருந்தேன். ஏழாவது கிலோமீட்டரில் "நம்ம இடம்தான் கணக்கில் வராதே" என்று வேகத்தைக் குறைக்கப் பார்த்தவன் நான். குறைக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், பாதையோரம் எங்கள் கோச் நின்றிருந்தது.

பெண்கள் அணி, துணை கேப்டன்:

எங்களுக்கு 6 கிலோமீட்டர். நான் சொல்லப்போவது போட்டியைப் பற்றி மட்டும் இல்லை. ஓடும் பெண்கள் யாராவது படித்தால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

பருவத்தின் நடுவில் என் நேரம் சரிய ஆரம்பித்தது. முந்தைய வருடம் ஓடிய அதே பாதையில் 40 வினாடி மெதுவாக ஓடினேன். விடுதி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இன்னும் கடினமாக உழைக்க வேண்டும் என்று நினைத்து அதிகாலையில் கூடுதலாக ஓடினேன், இன்னும் மோசமானது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.4, பிரச்சினை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். உடலில் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு அது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு காலியாகிப்போகலாம். எனக்கு 9தான் இருந்தது, மிகக் குறைவு. மாதவிடாய், வியர்வை, ஒவ்வொரு அடியிலும் பாதத்தில் நசுங்கும் ரத்த அணுக்கள் என்று நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இரும்பு பல வழியில் போகிறது. கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரம் உடல் இரும்பைச் சரியாக உறிஞ்சுவதும் இல்லை. மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து எடுக்கக் கூடாது என்றார். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தேன். வித்தியாசம் தெரிய இரண்டு மாதம் ஆனது. தயவுசெய்து பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரை சாப்பிடாதீர்கள், அளவு மீறினாலும் ஆபத்து.

எங்கள் ஜூனியர் ஒருத்தி. அணியில் மூன்றாவதாக வருவாள், இன்னும் முன்னால் வந்திருப்பாள். கீழ்க்காலில் வலி என்று ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே வலி என்று கேட்டேன். ஒரே விரல் நுனியால் எலும்பில் ஓர் இடத்தைக் காட்டினாள். கால் நெடுக வலித்தால் அது பெரும்பாலும் வேறு, ஒரு புள்ளியில் வலித்தால் பயப்பட வேண்டும் என்று எங்கள் பிசியோ சொல்லியிருந்தார். பேசப் பேச இன்னொன்றும் வெளியே வந்தது. ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிடாய் வரவில்லை. நன்றாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறாள்.

"அக்கா, கோச்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இன்னும் ரெண்டு போட்டிதான் இருக்கு."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அவளையே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லவைத்தேன். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. எம்ஆர்ஐயில் எலும்பில் விரிசல் தெரிந்தது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாமல் இருந்தால் உடல் முதலில் மாதவிடாயை நிறுத்தும், எலும்பை இளைக்கவைக்கும். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கென்றே ஒரு பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. ஆண்களுக்கும் சக்திக் குறைவு வரும், அவர்களிடம் மாதவிடாய் மாதிரி வெளிப்படையான அடையாளம் இல்லை, அவ்வளவுதான். "இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா பறக்கலாம்" என்று அணியில் பேசிக்கொள்வோமே, நானும் பேசியிருக்கிறேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

கடைசிப் போட்டிக்கு எங்களிடம் உடல்தகுதியோடு நான்கு பேர்தான் இருந்தோம். ஐந்து பேர் முடிக்காவிட்டால் அணிக்குப் புள்ளியே கிடையாது. உடற்பயிற்சிக்காக மட்டும் எங்களோடு ஓட வந்துகொண்டிருந்த ஒரு தோழியைக் கேட்டோம். அவள் அதுவரை 6 கிலோமீட்டரை வேகமாக ஓடியதே இல்லை. சரி என்றாள். அந்த ஜூனியர் ஊன்றுகோலோடு நான்காவது கிலோமீட்டரில் நின்று, ஒவ்வொருவருக்கும் நேரம் கத்திச் சொன்னாள். எங்கள் ஐந்தாம் ஆள் 112-ஆவதாக வந்தாள், இரண்டு இடத்தில் நடந்தாள். அவள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் எங்கள் அணியின் பெயர் முடிவுப் பட்டியலில் வந்தது.

முதல் ஆள்:

நான் பெரும்பாலும் முதல் ஐந்துக்குள் வந்தவன், இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். முன்னால் ஓடும்போது நம் அணியில் யாரும் கண்ணில் படமாட்டார்கள். முடித்த கையோடு நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நின்று பனியன்களை எண்ண ஆரம்பித்துவிடுவேன். இரண்டாவது வந்தாச்சு, மூன்று, நான்கு... அந்த ஐந்தாவது பனியன் வரும்வரை காத்திருப்பதுதான் எனக்கு போட்டியின் மிக நீண்ட பகுதி.

1924 பாரிஸ் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியைப் பற்றிப் படித்திருக்கிறேன். தாங்க முடியாத வெயில். 38 பேர் கிளம்பியதில் 15 பேர்தான் முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலில் வந்தார், அதே நாட்டின் வில்லே ரிட்டோலா இரண்டாவது. அணிப் பதக்கத்துக்கு மூன்று பேர் முடிக்க வேண்டும். பின்லாந்துக்கு மூன்றாவதாக ஹெய்க்கி லீமட்டாய்னன் வந்து சேர்ந்தார், அவர் 12-ஆவது. அவர் இல்லையென்றால் அணித் தங்கம் இல்லை. மூன்று பேரை முழுதாகக் கொண்டுவந்து சேர்த்தவை மூன்றே அணிகள். அந்த ஒலிம்பிக்கோடு கிராஸ் கன்ட்ரியையே நிறுத்திவிட்டார்கள். நூர்மியின் பெயரை ஓட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் லீமட்டாய்னனின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் ஆள்:

எல்லாவற்றையும் படித்தேன். துணை கேப்டன், நீங்கள் எழுதியதை எங்கள் அணியில் இப்போது ஓடும் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

விட்டதைச் சொல்லிவிடுகிறேன். முடிவுக் கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டிய சந்து ஒன்று இருக்கும், வந்த வரிசை மாறாமல் அதற்குள் நடக்க வேண்டும். பச்சை பனியன்காரர் எனக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றார். நின்றால் வரிசை தடைபடும் என்று நடுவர் கத்தினார். நான் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். நாலு அடி நடந்த பிறகு திரும்பாமலே கேட்டார்:

"ஏற்றத்துல என்ன விட்டுட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். ஏன் போகல?"

முடியவில்லை என்றேன். அவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. சந்து முடியும் இடத்தில் எங்கள் நாலாம் ஆள் அண்ணன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது கடைசிப் போட்டி. "வாடா" என்றார். கூல் டவுனுக்கு மூன்று பேருமாக மெதுவாக ஓடப் போனோம்.