கால் மைலில் முதல் 60 அடி: சூப்பர்சார்ஜர் கார்களோடு எங்கள் அனுபவம்

லண்டன், ஹாரோவிலிருந்து:

என்னிடம் இருப்பது 2015-ஆம் ஆண்டு ஜாகுவார் எஃப்-டைப் ஆர், பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் வகை. 5 லிட்டர் வி8 என்ஜின், அதன் தலைமேல் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பும் கருவி), 550 குதிரைத்திறன். வாங்கிய நாளிலிருந்தே ஒருமுறையாவது, நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயத் தளமான சாண்டா பாடில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. சென்ற ஆண்டு மூன்று தடவை போனேன். கால் மைல் நேரம் 13.12 நொடியிலிருந்து 12.27 நொடிக்கு இறங்கியது. இதற்காக என்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. எப்படி இறங்கியது என்று விரிவாகவே எழுதுகிறேன்; அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

சாண்டா பாட் இருப்பது பொடிங்டன் கிராமத்தின் பக்கத்தில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட ஓடுபாதை அது. 1966-இல் கார் பந்தயத்துக்குத் திறந்தார்கள். பொதுமக்கள் தங்கள் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டுவதற்கென்றே சில நாட்களை ஒதுக்குகிறார்கள். ஹெல்மெட் வேண்டும், கைகால் முழுக்க மூடிய உடை வேண்டும். வரிசையில் என் முன்னால் ஒரு சரக்கு வேன் நின்றது, பின்னால் ஒரு பழைய மினி.

முதல் ஓட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பச்சை விளக்கு எரிந்ததும் அழுத்த வேண்டும். அழுத்தினேன். பின்புறம் இடப்பக்கமாக விலகியது, டயர்கள் அலறின, வேகமுள் ஏறியது, கார் மட்டும் போகவில்லை. காலை எடுத்து மறுபடி அழுத்துவதற்குள் பக்கத்துப் பாதையில் இருந்த சிறிய முன்சக்கர இயக்கக் கார் ஐந்தாறு கார் நீளம் முன்னே போய்விட்டது. கடைசியில் எட்டிப் பிடித்தேன் என்றாலும் நெஞ்சு படபடப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

ஓட்டத்தின் நேரமும் வேகமும் அச்சிட்ட சீட்டை வாங்கும் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். தன் பழைய பந்தய வண்டியோடு வந்திருந்தார். என் சீட்டைக் கேட்டு வாங்கி, ரப்பர் கறை படிந்த கட்டைவிரல் நகத்தால் இரண்டு எண்களின் கீழே கோடு போட்டார். முதலாவது 116.8. அது முடிவுக் கோட்டில் மணிக்கு எத்தனை மைல் வேகம் என்பது. “என்ஜின் தன் வேலையைச் செய்துவிட்டது” என்றார். இரண்டாவது 2.41. முதல் 60 அடியைக் கடக்க எடுத்த நொடிகள். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. என் காலணியைப் பார்த்தார்.

சீட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டதுதான் அன்றைய பெரிய லாபம். கடைசி வேகம் என்ஜினின் பலத்தைச் சொல்லும். முதல் 60 அடி, அந்தப் பலத்தில் எவ்வளவு தரையில் இறங்கியது என்பதைச் சொல்லும். அங்கே பத்தில் ஒரு பங்கு நொடி மிச்சமானால் கால் மைல் முடிவில் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கிறது. 50 குதிரைத்திறன் கூட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது.

சூப்பர்சார்ஜர் காரில் இந்தச் சிக்கல் கூடுதல். என்ஜினின் புகையால் சுழலும் டர்போவுக்குக் காற்றழுத்தம் சேரச் சிறிது அவகாசம் வேண்டும். சூப்பர்சார்ஜரை என்ஜினே பெல்ட் போட்டுச் சுழற்றுவதால் மிதித்த கணத்திலேயே அழுத்தம் வந்துவிடுகிறது. சாலையில் அது சுகம். புறப்படும் கோட்டில் டயருக்கு அடி. பெரியவரின் வண்டியில் இருந்த சூப்பர்சார்ஜரைத் தொட்டுப் பார்த்தேன். பழைய அமெரிக்க டீசல் லாரி என்ஜினிலிருந்து எடுத்த 6-71 என்ற வகை: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். அதன் மூல வடிவத்துக்கு இண்டியானாவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்றார்கள். அந்த வம்சத்தின் இன்றைய வாரிசுதான் என் கார் மூடிக்குள் இருக்கிறது என்று நினைத்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

பிறகு பெரியவர் யோசனைகள் சொன்னார். அதன்படி முதலில் செய்தது, தண்ணீரைச் சுற்றிப் போனது. புறப்படும் கோட்டுக்கு முன்னால் தரையில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அது வழவழப்பான பந்தய டயர்களைச் சுழற்றிச் சூடாக்குவதற்கு. நம்முடைய சாலை டயரில் வரிப்பள்ளங்கள் உண்டு; அவை தண்ணீரைச் சுமந்துகொண்டு போய் நாம் நிற்கிற இடத்திலேயே கொட்டும். முதல் ஓட்டத்தில் நான் அதன் நடுவே ஓட்டியிருந்தேன். அடுத்து, பின் டயர்களில் காற்றை 34 பவுண்டிலிருந்து 28-க்கு இறக்கினேன். இந்த இரண்டும் சேர்ந்து 60 அடி 2.22 ஆனது.

நிற்கும் இடத்தையும் மாற்றச் சொன்னார். கோட்டில் இரண்டு ஒளிக்கதிர்கள் உண்டு. முன்சக்கரம் முதலாவதை மறைத்தால் ஒரு விளக்கு, இரண்டாவதையும் மறைத்தால் இன்னொரு விளக்கு. அந்த இரண்டாவது விளக்கு மினுங்கிய கணத்திலேயே நின்றுவிட வேண்டும். அப்படி நின்றால் சக்கரம் கதிரை விட்டு விலகும்வரை ஏறக்குறைய ஓர் அடி தூரம் கார் உருளும். அதுவரை கடிகாரம் ஓடாது. நான் ஒவ்வொரு முறையும் தெரியாமல் அரை அடி முன்னே போய் நின்று அந்த இலவச ஓட்டத்தை இழந்திருக்கிறேன்.

கடைசியாகக் கால். இதற்குத்தான் நாள் பிடித்தது. மிதிக்க வேண்டிய வேகத்தை நொடிக் கணக்கில் மனம் பிடிக்க மறுத்தது. வீட்டில் என் மகள் பரதநாட்டியம் பயில்கிறாள். அவளுடைய “தகதிமி தகஜணு” காதில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது தடவை போவதற்கு முன்னால், வாசலில் என்ஜினை நிறுத்திவிட்டு அமர்ந்து அந்தச் சொற்கட்டுக்கு மிதித்துப் பழகினேன். “தகதிமி” முடியும்போது பாதி, “தகஜணு”வில் அந்த “ணு” விழும்போது முழுவதும். கோட்டில் பிரேக்கை அழுத்தியபடி என்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் பிடித்து நிறுத்தி, பச்சைக்கு முன் எரியும் மூன்றாவது மஞ்சள் விளக்கில் பிரேக்கை விட்டு, வாய்விட்டே சொன்னேன். டயர் அலறவில்லை. ஒரு தாழ்ந்த முனகல் மட்டும் கேட்டது. முதுகை யாரோ கைவைத்துத் தள்ளியது போல் இருந்தது. 2.04. கால் மைல் 12.49.

உற்சாகத்தில் உடனே திரும்ப வரிசைக்குப் போனேன். அது தவறு. 60 அடி 2.05, ஆனால் கால் மைல் 12.71, கடைசி வேகம் 114. புறப்பாடு அதேதான்; பலம் குறைந்திருக்கிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். அதைக் குளிர்விக்கும் நீரும் ஓட்டத்துக்கு ஓட்டம் சூடேறும். உள்ளே போகும் காற்று சூடானால் வெடிப்பு முந்திவிடாமலிருக்கக் காரின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், திறன் குறையும். இது சூப்பர்சார்ஜர் வைத்த எல்லா என்ஜினுக்கும் பொது. அளவுமானியைச் செருகிப் பார்த்தபோது உட்காற்று 58 டிகிரி காட்டியது. மூன்றாவது தடவை போனபோது ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையில் மூடியைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அன்று மாலைதான் 60 அடியில் 1.93, கால் மைலில் 12.27, 118.3 மைல் வேகம் கிடைத்தது. பெரியவரைத் தேடிப் போய்ச் சீட்டைக் காட்டினேன். இம்முறை நகம் எங்கேயும் கோடு போடவில்லை. சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தோளில் தட்டினார்.

சிட்னியிலிருந்து:

படித்து மகிழ்ந்தேன். எனக்கு நேர்ந்தது தலைகீழ். என்னுடையது லோட்டஸ் எக்ஸிஜ் எஸ், 3.5 லிட்டர் வி6, சூப்பர்சார்ஜர், கையால் மாற்றும் கியர். என்ஜின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பின்சக்கரத்தின்மேல் எடை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. காரின் மொத்த எடையும் ஏறக்குறைய 1,180 கிலோதான். ஈஸ்டர்ன் கிரீக்கில் உள்ள சிட்னி டிராக்வேயில், பசை பூசிய தரையில் என் டயர் சுழலவே மறுத்தது. 2,500 சுற்றில் கிளட்சை விட்டால் என்ஜின் மூச்சடைத்து நின்றுவிடும்போல் தொய்ந்தது. 5,000-இல் விட்டால் கிளட்ச் கருகும் வாடை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அன்றைக்கு நிறுத்திவிட்டேன். ஒரு கிளட்சின் விலை அத்தனை சீட்டுகளுக்கும் மேல்.

பிறகு 4,000-இல் வைத்து, கிளட்சைப் பிடிமானம் தொடங்கும் இடம்வரை சட்டென்று விட்டு, அங்கிருந்து அரை நொடி மெதுவாக விடப் பழகினேன். 1.88 வந்திருக்கிறது. குளிர்கால இரவுகளில் காற்று அடர்த்தியாக இருக்கும், என்ஜின் பாடும். ஆனால் தரை குளிர்ந்துவிடும், டயர் ஒட்டாது. இரண்டும் சேர்ந்து அமையும் இரவு அபூர்வம்.

ஒரு சந்தேகம்: அந்த 28 பவுண்டைக் குளிர்ந்த டயரில் அளந்தீர்களா, ஓடி வந்த பிறகா?

டொராண்டோவிலிருந்து:

நான் பட்டதையும் சொல்ல வேண்டும். கேயுகாவில் உள்ள ஓடுதளத்தில் சூப்பர்சார்ஜர் பொருத்திய பழைய காரில் புறப்பட்டபோது, டயர் பிடித்தும் விட்டும் பிடித்தும் விட்டும் பின்புறம் முழுவதும் குதிக்கத் தொடங்கியது. இருக்கைக்குக் கீழே யாரோ சம்மட்டியால் அடிப்பது போன்ற அதிர்வு. பிடிவாதமாகக் காலை எடுக்காமல் இருந்தேன். ‘டங்’ என்று ஒரு சத்தம், சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டு முறிந்துவிட்டது. என் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஓடுதளம் சுத்தமாகும்வரை காத்திருந்தார்கள். சுழலும் டயரைக் காலால் சமாளிக்கலாம். குதிக்கும் டயருக்கு ஒரே மருந்து காலை உடனே எடுத்துவிடுவதுதான். பின்சக்கர இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும், தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றியதும் அந்தக் குதிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

ஸ்கார்பரோவில் நம் பிள்ளைகள் சிலர் இதையே இரவில் பொதுச் சாலையில் செய்கிறார்கள். பிடிபட்டால் அந்த இடத்திலேயே 30 நாள் உரிமம் போய்விடும், 14 நாள் கார் போய்விடும். உயிர் போனால் எதுவும் திரும்பாது. என் அண்ணன் மகனை இந்தக் கோடையில் ஓடுதளத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் சீட்டைக் கையில் வாங்கியதிலிருந்து அவன் 60 அடியைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை.

லண்டன், ஹாரோவிலிருந்து:

சிட்னி அண்ணனுக்கு: குளிர்ந்த டயரில் அளந்ததுதான். ஓடி வந்தபின் 31 காட்டும்; அப்போது மறுபடி இறக்கிவிடுவேன். 26 வைத்து ஒருமுறை ஓட்டினேன், கடைசி 200 அடியில் பின்புறம் மிதப்பது போல் இருந்தது, அதற்குமேல் துணியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் காற்றை நிரப்பக் கைப்பம்பு எப்போதும் டிக்கியில் இருக்கும். வசந்தத்தில் ஓடுதளம் திறந்ததும் 27 வைத்துப் பார்க்கிறேன், சீட்டின் படத்தோடு வருகிறேன்.