நாற்காலிப் பின்னல் அச்சடிச்ச ஆயில்கிளாத்த கேன்வாஸ்ல ஒட்டினா அதுல என்னங்க புரட்சி?

கத்திரிக்கோல்:
வணக்கம் மக்களே. க்யூபிசம், அதான் பொருள சில்லு சில்லா உடைச்சு வரையற ஓவிய பாணி, ஓரளவுக்குப் பிடிபட்டுடுச்சு. 1907ல பிக்காசோவோட அவிஞ்ஞோன் பெண்கள் படம், அடுத்த வருஷம் அவரோட கூட்டாளி பிராக் வரைஞ்ச லெஸ்டாக் ஊரு வீடுகள், அத வச்ச கண்காட்சிய பாத்துட்டு வோக்செல்ங்கற விமர்சகர் எல்லாத்தையும் கட்டி கட்டியா (க்யூப்) ஆக்கிட்டாருன்னு நக்கலடிச்சது, அதுவே பேரா ஒட்டிக்கிட்டது, அது வரைக்கும் ஓகே. ஆனா 1912ல திடீர்னு ரெண்டு பேரும் பிரஷ்ஷ ஓரமா வச்சிட்டு கோந்து டப்பாவ எடுத்துடறாங்க, தலைப்புல சொன்ன ஆயில்கிளாத் (மேஜை விரிப்பு மாதிரி மெழுகுத் துணி) பிக்காசோ ஒட்டினது. எந்த புக்க திறந்தாலும் நவீன கலையே இங்கதான் திரும்புச்சுன்னு எழுதியிருக்கு. பேப்பர வெட்டி ஒட்டற வேலை அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வீடு இருந்துச்சே, ஆல்பம், வாழ்த்து அட்டைன்னு. அப்ப இவங்க புதுசா என்னதான் பண்ணிட்டாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, திட்டாம.

கரித்தூள்:
திட்ட மாட்டோம், நியாயமான கேள்விதான். ஆனா 1912ல இருந்து பாத்தா புரியாது ப்ரோ, ரெண்டு வருஷம் பின்னாடி போங்க. 1910ல பிக்காசோ தன்னோட படங்கள வாங்கி விக்கற டீலர் கான்வைலர வரைஞ்ச படம் ஒண்ணு சிகாகோவுல இருக்கு, நெட்ல தேடிப் பாருங்க. மொத்தமும் சாம்பலும் பழுப்புமா சில்லு சில்லா உடைஞ்சு கெடக்கும், நடுவுல தலைமுடி ஒரு வளைவு, கீழ கோத்து வச்ச கை, அத வச்சுத்தான் அங்க ஒரு ஆள் உக்காந்திருக்காருன்னே தெரியும். இதுக்கு மேல இன்னும் ஒரு அடி வச்சா மனுஷனும் இல்ல கிடாரும் இல்ல, வெறும் கோடுதான். அந்த அடிய வைக்க ரெண்டு பேருக்குமே இஷ்டமில்ல, இத நிறைய பேர் கவனிக்கறதில்ல, க்யூபிசம்னா உருவத்த அழிக்கறதுன்னு நெனச்சுக்கறாங்க. இவங்க பொருள விடாம புடிச்சுக்கிட்டே இருக்கத்தான் பாத்தாங்க.

அதனால 1911ல பிராக் 'போர்த்துகீசியன்'ங்கற படத்துல ஸ்டென்சில் வச்சு எழுத்தும் நம்பரும் போடறாரு. எழுத்துக்கு ஆழம் கெடையாது பாருங்க, படம் உள்ள போற மாதிரி இருந்தாலும் எழுத்து மட்டும் கேன்வாஸ் மேலயே நிக்கும். வெளி உலகத்துல இருந்து ஒரு சாமான் நேரா உள்ள வந்துடுச்சு. அங்கேந்து ஒட்டறது ரொம்ப தூரமில்ல.

இப்ப நீங்க சொன்ன ஆயில்கிளாத் படத்துக்கு வருவோம், 1912 மே. சின்னது, 29க்கு 37 சென்டிமீட்டர் தான், முட்டை வடிவம், சுத்தி ஃப்ரேமுக்கு பதிலா கயிறு. மேல JOUன்னு போடற மூணு பிரெஞ்சு எழுத்து (ஜூர்னால்னா பிரெஞ்சுல செய்தித்தாள், அதோட மொத மூணு எழுத்து, செய்தித்தாள் கெடக்குன்னு அர்த்தம் பண்ணிக்கணும்), பைப், கண்ணாடி கிளாஸ், எலுமிச்சை துண்டு எல்லாம் கையால வரைஞ்சது, எது எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள கண்ணு வலிக்கும். கீழ பிரம்புப் பின்னல் மட்டும் அச்சு அசலா பளிச்னு இருக்கும். ஆனா அத பிக்காசோ வரையல, மெஷின்ல அச்சான மலிவு சரக்கு, அதுவும் நெஜ பிரம்பு கெடையாது, பிரம்பு மாதிரி படம். இத்தன வருஷமா ஓவியனோட திறமைன்னா அசல் மாதிரி வரையறதுன்னு சொல்லிட்டிருந்தோம்ல, அத கடையில கெஜம் கணக்குல வாங்கிக்கலாம்னு ஆளு காட்டிட்டாரு. அதத்தான் புரட்சிங்கறாங்க.

மொட்டமாடி:
குரு இதெல்லாம் பின்னாடி வந்த விமர்சகர்கள் ஏத்தி விட்டது. அன்னைக்கு அவங்க ஜாலிக்கு ஒட்டியிருப்பாங்க. டீலர் இருந்தாரு, வெல ஏத்தணும், ஒரு கதை கட்டினாங்க. அவ்ளோதான்.

கரித்தூள்:
வெல ஏத்தவா? அந்த ஆயில்கிளாத் படத்த பிக்காசோ விக்கவே இல்லங்க, 1973ல சாகற வரைக்கும் தன்கிட்டயே வச்சிருந்தாரு, அப்புறம் வாரிசு வரிக்கு பதிலா பிரெஞ்சு அரசாங்கத்துக்குப் போய் இப்ப பாரிஸ் பிக்காசோ மியூசியத்துல இருக்கு. கான்வைலர் கதையும் சோகம், அவரு ஜெர்மன்காரர், 1914ல யுத்தம் வந்ததும் எதிரி நாட்டு ஆளோட சொத்துன்னு அவர் கேலரி சரக்கு மொத்தத்தையும் பிரெஞ்சு அரசு பறிமுதல் பண்ணி, 1921ல இருந்து 1923 வரைக்கும் ஏலம் ஏலமா போட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுச்சு.

சாயப்பட்டறை:
எல்லாரும் பிக்காசோ பிக்காசோங்கறீங்க, பிராக் பாவம் இல்லையா. பேப்பர் ஒட்டின முதல் படம் அவரோடதுதான். 1912 கோடையில ரெண்டு பேரும் தென் பிரான்ஸ்ல அவிஞ்ஞோன் நகரத்துப் பக்கத்துல சோர்க்ங்கற ஊர்ல தங்கியிருந்தாங்க. அவிஞ்ஞோன் கடை ஒண்ணுல ஓக் மரத்தோட ரேகை அச்சடிச்ச வால்பேப்பர் ரோல பிராக் பாத்து வச்சிக்கிட்டாரு, ஆனா வாங்கல, பிக்காசோ பாரிசுக்குக் கெளம்பற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் போய் வாங்கினாரு. கூட்டாளிதான், இருந்தாலும் மூக்கு வேர்த்துடும்ல. 'பழத்தட்டும் கிளாசும்'ங்கற படம் அப்படித்தான் வந்துச்சு.

அவருக்கு ஏன் அந்த வால்பேப்பர் கண்ணுல பட்டுச்சுன்னா, அப்பா தாத்தா எல்லாம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கற தொழில், இவரும் லெ ஹாவ்ர்ல அந்த வேலைதான் கத்துக்கிட்டாரு. ஈர பெயின்ட் மேல சீப்பு இழுத்து மர ரேகை கொண்டு வர்ற வித்தையெல்லாம் கை பழக்கம், அத பிக்காசோவுக்கு சொல்லிக் குடுத்ததே இவருதான். நம்ம ஊர்ல பிளைவுட் மேல தேக்கு டிசைன் சன்மைக்கா ஒட்டற மாதிரி ஒரு பொய்தான் அந்த பேப்பரும், ஆனா அத எப்படி வச்சிருக்காரு பாருங்க. மேல ஒட்டின பட்டை சுவத்துப் பலகை. கீழ ஒட்டின பட்டையில கரித்துண்டால ஒரு சின்ன வட்டம் போட்டிருப்பாரு, உடனே அது மேஜை டிராயர் ஆயிடும், வட்டம் அதோட குமிழ். அதே காகிதம்தான், வேலை வேற. இன்னொண்ணு, பழமும் கிளாசும் கரிக்கோட்டுல தனியா ஓடுது, பழுப்புக் கலரு காகிதத்துல தனியா நிக்குது. கோட்டுக்குள்ளதான் கலர் அடங்கணும்ங்கற கட்டாயம் அங்கயே போச்சு. ரெண்டு மூணு வருஷமா கலரே இல்லாம தவிச்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விடுதலைன்னு யோசிங்க. எனக்குக் கேட்டா ஆயில்கிளாத்த விட இதுதான் பெரிய விஷயம், சண்டைக்கு வராதீங்க.

கத்திரிக்கோல்:
ஆஹா, டிராயர் குமிழ் விஷயம் இப்ப படத்த பெருசாக்கிப் பாத்தேன், செம. அப்புறம் ஒரு டவுட்டு. பிக்காசோ ஒட்டின நியூஸ்பேப்பர் துண்டுகள நாம படிக்கணுமா, இல்ல சும்மா டெக்ஸ்சர்னு விட்டுடலாமா?

இடதுஓரம்:
இதுலதான் பேராசிரியர்களே ரெண்டு கட்சியா பிரிஞ்சு கெடக்காங்க. 1912 நவம்பர்ல 'கிடார், இசைத்தாள், கிளாஸ்'னு ஒண்ணு பண்ணாரு, அதுல 18 நவம்பர் தேதி லெ ஜூர்னால் பத்திரிகை முதல் பக்கத் துண்டு இருக்கு, போர் தொடங்கிடுச்சுங்கற தலைப்போட. பால்கன் யுத்தச் செய்தி. பாட்ரிசியா லெய்ட்டன் மாதிரி ஆளுங்க இது அரசியல், யுத்த எதிர்ப்பு, படிச்சே ஆகணும்ங்கறாங்க. ரோசலிண்ட் க்ராஸ் வேற பக்கம், செய்தி முக்கியமில்ல, துண்டு எந்த இடத்துல உக்காருதோ அதுதான் அர்த்தம் குடுக்குதுன்னு. அதுக்கு அவங்க காட்டற 'வயலின்' படம் எனக்கு ரொம்பப் புடிக்கும், பாரிஸ் பாம்பிடு மியூசியத்தோடது. ஒரே நியூஸ்பேப்பர் தாள ரெண்டா வெட்டி, ஒண்ண அப்படியே வச்சு இன்னொண்ண திருப்பிப் போட்டு ஒட்டியிருக்காரு. ஒரு துண்டு வயலினோட மர உடம்பு, எழுத்து வரிங்க மர ரேகை மாதிரி ஓடும். மத்த துண்டு வயலினுக்குப் பின்னால இருக்கற வெறும் வெளி. ஒரே தாள்ல இருந்து வந்தது ஒரு எடத்துல கட்டை, இன்னொரு எடத்துல காத்து.

என் கருத்து, தலைப்ப படிங்க, பொடி எழுத்துக்கு பூதக்கண்ணாடி தேவையில்ல. முக்கியமா அந்த மஞ்சப் பழுப்பு கலர நம்பாதீங்க, அது நியூஸ்பிரிண்ட் நூறு வருஷத்துல பழுத்துப் போனது. ஒட்டினப்ப நல்லா வெளுப்பா இருந்திருக்கும், கரிக்கோடும் அச்சும் இன்னும் பளிச்னு தெரிஞ்சிருக்கும். 'கம்பீரமான பழுப்பு வண்ணச் சேர்க்கை'ன்னு யாராச்சும் எழுதினா கண்டுக்காம போங்க.

மொட்டமாடி:
சரி சரி ஒத்துக்கறேன், வயலின் படம் நல்லா இருக்கு. ஆனாலும் நாலு கிடார், நாலு பாட்டில்னு கஃபே மேஜைய விட்டு இவங்க எந்திரிக்கவே இல்லயே. பெர்லின்ல ஹானா ஹோக்ங்கற பெண் கலைஞர் 1919ல பத்திரிகை போட்டோவையெல்லாம் வெட்டி மந்திரி, ராணுவ ஜெனரல், நாட்டியக்காரி, மெஷின் சக்கரம்னு போட்டு ஒரு படம் பண்ணாங்க பாருங்க, பேர்லயே சமையல் கத்தி வரும், 1920ல டாடாங்கற கலக கலை இயக்கத்தோட கண்காட்சியில வச்சாங்க, அதுல தான் கத்திரிக்கோலுக்கு பல்லு மொளச்சுது.

கரித்தூள்:
ஹோக்க யாரு வேணாம்னா? அந்தக் கத்திரி வந்த வழிதான் இது. அதே 1912ல பிக்காசோ அட்டைய வெட்டி மடிச்சு ஒரு கிடார் பண்ணாரு, அப்புறம் தகரத்துலயும் பண்ணாரு. செதுக்காம, களிமண்ணு புடிக்காம, துண்டு துண்டா சேத்துக் கட்டின சிற்பம். 1914ல ரஷ்யாவுல இருந்து டாட்லின்ங்கற கலைஞர் பாரிசுக்கு வந்து பிக்காசோவோட ஸ்டுடியோவுல இந்த மாதிரி வேலைகளப் பாத்துட்டு, ஊருக்குப் போய் மரம் தகரம்னு சேத்து தன் ரிலீஃப் (பின்பரப்புல இருந்து புடைச்சு நிக்கற சிற்பம்) வேலைகள ஆரம்பிச்சாரு. கத்திரிக்கோல் ப்ரோ, அடுத்து பாக்கறதுன்னா அந்த தகர கிடார பாருங்க, நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் சைட்ல பெரிய போட்டோ இருக்கு. கிடார் நடுவுல ஓட்டை இருக்கணுமில்ல, அந்த எடத்துல இவரு வெளிய துருத்திக்கிட்டு நிக்கற குழாய வச்சிருப்பாரு.

சாயப்பட்டறை:
அந்த குழாய்க்கு ஆப்பிரிக்க முகமூடில கண்ணு துருத்திக்கிட்டு இருக்கறதோட சம்பந்தம் உண்டுன்னு கான்வைலரே எழுதியிருக்காரு. அதுக்குத் தனி த்ரெட் போடுங்க யாராச்சும், ஹோக்குக்கும் சேத்து.